ஏழையின் இறைச்சி: இத்தாலிய வீட்டுணவொன்றின் போசணை



சில மாதங்களுக்கு முன்னர் இத்தாலி நாட்டின் மிலான் நகரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கல்வி பயின்ற மாணவி. முதுமையெய்திய ஓர் இத்தாலிய அம்மையாருக்குத் துணையாக இருந்து, அவ்வீட்டுப் பணிகளைக் கவனித்து வருகின்றார். நலம் விசாரித்த பின்னர் அவர் எழுதியிருந்த செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது.

"சேர், இந்த வீட்டிலே கிழமையில் மூன்று நாட்களுக்கு ஒரே சாப்பாடுதான். பாஸ்தாவையும் காய்ந்த போஞ்சி விதையையும் ஒன்றாக அவித்துக் கூழ்போல ஆக்குகிறோம். அம்மையார் அதை ஆசையோடு உண்கிறார். எனக்கோ, மாவையும் பருப்பையும் மட்டும் உண்டு பகல் முழுவதும் வேலை செய்தால் உடம்பு தளர்ந்துவிடுமோ என்று பயமாயிருக்கிறது. ஆகையால் சம்பளத்தில் ஒரு பங்கை இறைச்சி வாங்கச் செலவிடுகிறேன். அம்மாவுக்கு அனுப்பும் பணம் குறைகிறது. இந்த உணவில் உண்மையில் என்னதான் இருக்கிறது?"

யான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் முறையாகக் கற்றவனல்லன். ஆயினும் மாணவி கேட்ட வினாவுக்கு விடை தேடாதிருத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. நூல்களைப் புரட்டியும், எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டுத் தெளிந்தும் யான் அறிந்தவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அந்த உணவு யாதென்று பார்ப்போம். இத்தாலியர் இதனைப் 'பாஸ்தா எ ஃபாஜோலி' என்பர். பாஸ்தாவும் போஞ்சி விதையும் என்பதே அதன் நேர்ப்பொருள். வடக்கே வெனேத்தோ மாநிலந் தொட்டுத் தெற்கே நாப்போலி வரை, ஊருக்கொரு பக்குவமாக இது ஆக்கப்படுகிறது. வடக்கில் இதற்குச் சிறந்தது செம்புள்ளிகள் படர்ந்த பொர்லோத்தி என்னும் விதை. நாம் சந்தையிலே பச்சைக் காயாக வாங்கும் போஞ்சியும் இதுவும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. நாம் காயைப் பிஞ்சிலே உண்கிறோம். அவர்கள் முற்றவிட்டு உலர்த்தி, விதையை உண்கிறார்கள்.

நால்வருக்கு ஆக்கும் முறை இது. 200 கிராம் உலர்ந்த விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுவர். மறுநாள் மூன்று மேசைக்கரண்டி ஒலிவ எண்ணெயில் வெங்காயம், கரட், செலரித் தண்டு, உள்ளி ஆகியவற்றைப் பொடியாய் நறுக்கி வதக்கி, தக்காளி சேர்த்து, விதையையும் புதிய நீரையும் இட்டு, விதை நன்றாக மசியும்வரை அவிப்பர். பாதியை அகப்பையால் மசித்துவிட்டால் குழம்பு தடித்துவரும். அதன்பின் 200 கிராம் சிறிய பாஸ்தாவை அந்தக் குழம்பிலேயே போட்டு வேகவைப்பர். இறக்கியபின் பார்மிஜானோ என்னும் கடினமான பாற்கட்டியை, அதாவது சீசை, நால்வருக்குமாக 40 கிராம் அளவு துருவித் தூவுவர். இவ்வளவே சமையல்.

இனி இதன் உறுப்புக்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

பாஸ்தா நமது பாணுக்குரிய கோதுமையால் ஆவதன்று. டியூரம் எனப்படும் வன்கோதுமையை ரவையாக உடைத்து, நீர் விட்டுப் பிசைந்து, உருவாக்கி உலர்த்துவதே கடைகளில் விற்கும் பாஸ்தா. இத்தாலியில் உலர் பாஸ்தாவை இந்த வன்கோதுமையாலேயே செய்தல் வேண்டுமென 1967ஆம் ஆண்டில் சட்டமே இயற்றப்பட்டது. உலர்ந்த பாஸ்தா 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரி வெப்பசத்தியும், 12 அல்லது 13 கிராம் புரதமும், 70 கிராமுக்கு மேற்பட்ட மாச்சத்தும் உள்ளன. கொழுப்பு மிகவுங் குறைவு. இதன் மாச்சத்துப் புரத வலையினுள் நெருக்கமாகப் பொதிந்திருப்பதால், வெள்ளைப் பாணைப்போல விரைவிலே சீனியாக மாறி இரத்தத்திற் கலப்பதில்லை. பல்லிலே சிறிது உறைக்கும் பதத்தில் இறக்கினால் இந்த நன்மை கூடும். குழைய விட்டால் குறையும்.

உலர்ந்த பொர்லோத்தி விதை 100 கிராமில் ஏறத்தாழ 23 கிராம் புரதம் உண்டு. அஃது அரிசியிலுள்ளதைப்போல மூன்று மடங்கு. அத்துடன் இரும்பு 5 மில்லிகிராம் அளவிலும், நார்ப்பொருள் 25 கிராம் அளவிலும், பொற்றாசியமும் ஃபோலேற்று என்னும் விற்றமினும் நிறைவாகவும் இருக்கின்றன. இத்தாலியர் இவ்விதையை 'ஏழைகளின் இறைச்சி' என்று நெடுங்காலமாக வழங்கிவந்தனர். அப்பெயரிலே ஏளனமும் உண்டு, உண்மையும் உண்டு.

ஆனால் இந்த உணவின் சிறப்பை அறிய இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தல் போதாது. சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

புரதம் என்பது ஒரே பொருளன்று. அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகள் பல கோக்கப்பட்டு ஆகியது. அவற்றுள் ஒன்பதை வளர்ந்தோரின் உடம்பு தானாக ஆக்கிக்கொள்ள மாட்டாது. உணவிலிருந்தே பெறுதல் வேண்டும். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய பெட்டியில் எல்லா எழுத்தும் நிறைய இருந்து, 'க' என்னும் எழுத்து மட்டும் குறைவாயிருந்தால், பக்கம் அந்த எழுத்துத் தீர்ந்த இடத்திலேயே நின்றுவிடும். மற்ற எழுத்துக்கள் எத்துணை மிகுந்திருந்தும் பயனில்லை. கோதுமையிற் குறைவான எழுத்து லைசீன் என்னும் அமினோ அமிலம். போஞ்சி விதையிலோ லைசீன் தாராளமாக உண்டு. ஆனால் அதிலே மெதியோனீன் என்னும் வேறோர் எழுத்துக் குறைவு. அந்த மெதியோனீனைக் கோதுமை தருகிறது. ஒன்றின் குறையை மற்றது நிரப்ப, இரண்டுஞ் சேர்ந்த புரதம் தரத்திலே விலங்குணவின் புரதத்தை நெருங்கி வருகிறது. இவை ஒரே கலத்தில்தான் சேரவேண்டுமென்பதில்லை. ஒரே நாளில் வெவ்வேறு வேளைகளில் உண்டாலும் உடம்பு சேர்த்துக்கொள்ளும்.

நேயர்களே, இந்தச் சேர்க்கை வெறும் நூற்கணக்கன்று. அது இல்லாதபோது என்ன நேரும் என்பதை அதே வட இத்தாலியின் வரலாறு மிகக் கொடுமையாகக் காட்டியிருக்கிறது.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த பயிர்கள் பல. பொர்லோத்தி விதை அவ்வாறு வந்ததே. சோளமும் அவ்வாறு வந்ததே. அவ்விதைக்கு முன்னர் இத்தாலியர் உண்ட பயறு, நாம் கௌபி என்று அவித்துத் தேங்காய்ப்பூவோடு உண்ணுகின்ற அந்தக் கறுப்புக் கண்ணுடைய பயறேயாகும். அன்னிபாலே கராச்சி என்னும் ஓவியர் 1580களில் தீட்டிய, ஒரு குடியானவன் பயறு உண்ணும் படம் உரோமாபுரியிலே இன்றும் இருக்கிறது; அவனுடைய கிண்ணத்திலே தெரிவது அந்தப் பயறுதான்.

சோளம் வெனேத்தோவிலும் லொம்பார்தியிலும் செழித்து விளைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டளவில் நிலமற்ற குடியானவருக்கு அதுவே உணவாயிற்று. கோதுமை நிலவுடைமையாளரின் களஞ்சியத்துக்குச் சென்றது. சோளமாவை நீரிலே கிண்டிய பொலெந்தா என்னும் களியே காலையும் மாலையும் அவர்களின் வயிற்றை நிரப்பியது. வயிறு நிரம்பியது, உடம்போ நலிந்தது. வெயில் படும் இடங்களிலே தோல் தடித்து வெடித்தது, வயிற்றோட்டம் கண்டது, பின்னர் சித்தங் கலங்கியது, முடிவிலே மரணம் வந்தது. மிலானைச் சேர்ந்த ஃப்ரபொல்லி என்னும் மருத்துவர் 1771ஆம் ஆண்டில் இந்நோயைப் 'பெலாக்ரா' என்று எழுதினார். கரடுமுரடான தோல் என்பது அதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் இந்நோயாற் பீடிக்கப்பட்டிருந்தனர். வெனிஸ் நகருக்கு அணித்தான சான் செர்வோலோ என்னுந் தீவிலிருந்த மனநோய் மருத்துவமனையிலே, பெலாக்ராவினாற் சித்தங் கலங்கியவர்கள் பலர் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுக்கு வந்த நோய் பசியின் நோயென்று அப்போது உறுதியாக நிறுவப்படவில்லை.

காரணம் பின்னரே தெளிவாயிற்று. பூசணம் பிடித்த சோளமே காரணம் என்றனர் சிலர். தொற்று என்றனர் வேறு சிலர். அமெரிக்க மருத்துவரான ஜோசப் கோல்ட்பேர்கர், 1914ஆம் ஆண்டு முதலாகச் செய்த ஆய்வுகளால், இது உணவுக் குறையால் வருவதென நிறுவினார். கொன்ராட் எல்வெஹிம் என்னும் விஞ்ஞானி 1937ஆம் ஆண்டில், நயாசின் என இன்று அழைக்கப்படும் விற்றமினே வேண்டிய பொருளென்று கண்டார். சோளத்திலே நயாசின் இருக்கிறது. ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ள இயலாதவாறு கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிக்கோ நாட்டு மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து அந்தக் கட்டை அவிழ்த்தனர். சோளத்தோடு பயறும் உண்டனர். இத்தாலிக்குச் சோளம் வந்தது. அந்தப் பக்குவம் வரவில்லை.

நயாசினை உடம்பு தானாக ஆக்கிக்கொள்ள ஒரு வழியும் உண்டு. திரிப்டோபன் என்னும் அமினோ அமிலம் ஏறத்தாழ 60 மில்லிகிராம் கிடைத்தால், அதிலிருந்து ஒரு மில்லிகிராம் நயாசினை ஆக்கிக்கொள்ளும். சோளத்தின் புரதத்தில் திரிப்டோபனும் அரிது. கோதுமையிலும் போஞ்சி விதையிலும் அது போதிய அளவு உண்டு. ஆகவே பொலெந்தாவை மட்டுமே உண்டவன் நலிந்த அதே மண்ணில், பயறும் கோதுமையும் சேர்த்து உண்ண வாய்த்தவன் பிழைத்தான். இருவரும் ஏழைகளே, இருவர் வயிறும் நிரம்பியதே. ஒருவனுடைய கலத்திலே துணை இருந்தது. மற்றவனுடைய கலத்திலே துணை இல்லை.

என் மாணவியின் கடிதத்திலே இதற்கிசைந்த ஒரு வரியும் இருந்தது. அந்த அம்மையார் வெனேத்தோவின் மலைப்பகுதியிற் பிறந்தவர். "எங்கள் பாட்டியின் கைகள் மரப்பட்டைபோல இருந்தன, பொலெந்தா உண்ட கைகள் என்று அம்மா சொல்லுவார்" என்று அவர் ஒருநாள் கூறினாராம். அவர் ஏன் இந்தப் பயற்றுக் கூழை அத்துணை ஆசையோடு உண்கிறார் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

இனி, இந்தச் சமையலிலே எளிதிற் புலப்படாத நன்மையொன்றைச் சொல்லவேண்டும். வழக்கமாகப் பாஸ்தாவை நிறைந்த நீரிலே அவித்து, நீரை வடித்துக் கொட்டிவிடுவர். நாமும் சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டும்போது இதையே செய்கிறோம். தயாமின், ஃபோலேற்று முதலிய விற்றமின்கள் நீரிலே கரைவன. நீரோடு அவையும் போய்விடும். இந்த உணவிலோ விதை அவிந்த நீரிலேயே பாஸ்தாவும் அவிகிறது. அந்த நீரே குழம்பாகிறது. குழம்பு முழுவதும் உண்ணப்படுகிறது. வெப்பத்தால் அழிவது அழியும். ஆனால் நீரிலே கரைந்தது கலத்துக்கு வெளியே போவதில்லை.

மேலே சொன்ன அளவுகளை நால்வருக்குப் பகிர்ந்து கணக்கிட்டுப் பார்த்தேன். ஒருவருடைய பங்கிலே ஏறத்தாழ 500 கலோரியும், 22 கிராம் புரதமும், 14 கிராம் கொழுப்பும், 15 கிராம் நார்ப்பொருளும், 3 மில்லிகிராமுக்குச் சற்று மேலாக இரும்பும், 200 மில்லிகிராம் அளவு கல்சியமும் உள்ளன. புரதத்திற் பாதிக்கு மேல் விதையிலிருந்தும், கால்பங்கிற்கு மேல் பாஸ்தாவிலிருந்தும், எஞ்சியது பெரும்பாலும் பாற்கட்டியிலிருந்தும் வருகிறது. கொழுப்பிற் பெரும்பங்கு ஒலிவ எண்ணெய்; அது இதயத்துக்கு உகந்த வகையைச் சேர்ந்தது.

வளர்ந்த ஒருவருக்கு, உடல் நிறை ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதுமென்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்ற அளவு. 55 கிலோகிராம் நிறையுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 46 கிராம். ஆகவே ஒரு கலம் பாஸ்தாவும் பயறும் அவருடைய நாட்புரதத்திற் பாதியை ஒரே வேளையில் நெருங்கிவிடுகிறது. தோலும் எலும்பும் நீக்கிய கோழியிறைச்சி 100 கிராமிலே உள்ள புரதமும் ஏறக்குறைய இவ்வளவே. ஆனால் அந்த இறைச்சியிலே நார்ப்பொருள் சிறிதுமில்லை.

குறைகளையும் மறைத்தலாகாது. முதலாவது, விற்றமின் பி12 தாவர உணவிலே கிடைப்பதன்று. இந்த உணவில் அது பாற்கட்டியிலிருந்து மட்டுமே, அதுவும் சிறிதளவே, கிடைக்கிறது. ஆகவே பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றுள் ஏதேனுமொன்று வேறு வேளையிலே வேண்டும். இரண்டாவது, நெடுநேரம் அவிப்பதால் விற்றமின் சி பெரும்பாலும் அழிந்துவிடும். மூன்றாவது, பயற்றிலுள்ள இரும்பை உடம்பு எளிதிலே ஏற்பதில்லை. இவ்விரண்டு குறைக்கும் பரிகாரம் ஒன்றே: உணவோடு ஒரு தோடம்பழம் உண்ணல். அதிலுள்ள விற்றமின் சி, இரும்பை உடம்பு ஏற்க உதவும். உண்ட கையோடு தேநீரோ கோப்பியோ அருந்துதல் இதற்கு நேர்மாறான பலனைத் தரும். ஒரு மணி நேரமாவது பொறுத்தல் நன்று. நான்காவது, பாற்கட்டியே உப்புடையது. ஆதலால் குழம்பிற்கு உப்பிடும்போது கை அடங்கவேண்டும். உப்பிட்ட பன்றிக் கொழுப்பைச் சிலர் சேர்ப்பதுண்டு; சுவை கூடும், நலம் குறையும். கோதுமையின் குளுட்டன் என்னும் புரதம் ஒவ்வாதவர்கள் இந்தப் பாஸ்தாவைத் தவிர்க்கவே வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இவ்விதையைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்ணலாகாது. லெக்டின் என்னும் நச்சுப்பொருள் அதிலே இருக்கிறது; சில விதைகளே கடுமையான வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்க வல்லன. ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, புதிய நீரிலே அரை மணி நேரமாவது நன்றாகக் கொதிக்க விடல்வேண்டும். குறைந்த சூட்டிலே மெல்ல வேகவைக்கும் மின்சட்டிகள் இந்நஞ்சை அழிக்கும் அளவுக்குச் சூடேறாமல் இருக்கலாம். ஊறிய நீர் கொட்டுதற்குரியது. அவிந்த நீர் உண்ணுதற்குரியது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுங்கள். ஊறிய நீரைக் கொட்டுவதால், வயிற்றிலே வாயு உண்டாக்கும் பொருள்களும் ஓரளவு நீங்கும்.

இவற்றையெல்லாம் என் மாணவிக்கு எழுதினேன். "மகளே, நீ உண்பது குறைந்த உணவன்று. அஞ்சாமல் உண். கிழமையில் இரண்டொரு நாள் முட்டையோ மீனோ சேர்த்துக்கொள். நாடோறும் பழம் உண். தேநீரைச் சற்றுப் பிந்திக் குடி. அவ்வப்போது மருத்துவரிடம் இரத்தத்தைச் சோதித்துக்கொள். இறைச்சிக்கென்று நாடோறும் செலவிடும் பணத்தை அம்மாவுக்கு அனுப்பு" என்று முடித்தேன்.

அண்மையிலே பதில் வந்தது. அவரும் அம்மையாருமாகச் சேர்ந்து விதையை ஊறப்போட்டதாகவும், தம் வீட்டிலே அம்மா சோறும் பருப்பும் கீரையுமாகப் பரிமாறிய காலத்தில், கறியில்லையே என்று தாம் கோபித்துக்கொண்டது நினைவுக்கு வந்ததாகவும் எழுதியிருந்தார். "அம்மாவிடம் தொலைபேசியிலே சொன்னேன், சேர். அவர் சிரித்தார்" என்று இருந்தது.

அரிசிக்கும் லைசீன்தான் குறை. பருப்புத்தான் அதனை நிரப்புகிறது. கணக்கறியாத தாய்மார் இரு நாடுகளிலும் ஒரே கணக்கைச் செய்து வைத்திருக்கிறார்கள். தானியமும் பருப்பும் ஒரு கலத்திலே கூடியிருக்கும் வீட்டை வறிய வீடென்று சொல்லத் துணியாதிருப்போமாக. தானியம் ஒன்றே இருந்து துணையில்லாத கலம் எந்த வீட்டிலாயினும் இருக்குமானால், அங்கே ஒரு பிடி பருப்புச் சேர வழி செய்வோமாக.